வராத ஆட்டத்தின் நாற்பத்தேழாவது நிமிஷம்

தணிக்கை வாரியத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. சுவரில் ஆளுயரத் திரை. அதற்கு எதிரே ஒற்றை நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால், சற்று உயர்ந்த மேடையில் ஐந்து சோபாக்கள். அவற்றில் உட்காருகிறவர்கள் வாரிய உறுப்பினர்கள்: ஓய்வு பெற்ற நீதிபதி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, இரண்டு டாக்டர்கள், ஒரு வக்கீல். நாட்டுக்குள் விற்பனைக்கு வரும் எந்த வீடியோ கேமையும் வெட்டவும் விடவும் தடுக்கவும் அதிகாரம் உள்ளவர்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் கேம் ஆடத் தெரியாது. அவர்களுக்காக ஆடிக் காட்ட அந்த ஒற்றை நாற்காலியில் ஒருத்தி இருந்தாள்.

வயது நாற்பத்திரண்டு. பெயரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி, ஆபீஸில் அவள் நிமிஷக்காரி. காரணம் அவள் எழுதும் அறிக்கை. ‘மணி 3, நிமிஷம் 12. நீரேற்று நிலையம், பின்கதவு. உதைத்தால் மட்டுமே திறக்கும். உள்ளே அடிபட்டுக் கிடக்கும் கைதி, ரத்தம் தெரியும். கதவைத் தொடாமல் தாண்டிப் போகவும் வழி உண்டு.’ ஒவ்வொரு வரியும் இப்படித்தான் இருக்கும். நிதானமாக ஆடுகிறவன் அந்த இடத்துக்கு எப்போது வந்து சேருவான், அவசரக்காரன் எப்போது வருவான் என்று ஓரத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகு என்று யாரும் விரல் நீட்டியதில்லை. கண்ணால் காணாத எதையும் அவள் எழுதியதும் இல்லை.

அதற்கு முன்னால் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் விளம்பரங்களுக்கு நேரம் குறிக்கிற வேலை பார்த்தாள். அந்தப் பிரிவை மூடியபோது இங்கே வந்து சேர்ந்தாள். கன்ட்ரோலரை முதல்முதலாகக் கையில் பிடித்தபோது வயது முப்பத்தொன்று. முதல் மாதம் முழுக்க அவளுடைய கதாநாயகன் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். அவள் காமிராவைத் திருப்பிய திருப்பில் ஒரு டாக்டருக்குத் தலை சுற்றி வெளியே போய் வாந்தி எடுத்தார். மூன்றாவது மாதத்தில் கை பழகிவிட்டது. இப்போது வலது கட்டைவிரலில் காய்ப்பு. அந்தக் கையால் கன்னத்தைத் தடவினால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்று கணவர் புகார் சொல்வார்.

ஆடுகிற கூட்டத்துக்கு அவளைக் கண்டால் ஆகாது. மாதம் ஒரு கட்டு கடிதம் வரும். கத்தரிக்கோல், நாட்டாமை, அடுத்தவன் வீட்டு ஜன்னலை எட்டிப்பார்க்கிறவள் என்று விதவிதமான வசவுகள். ஆனால் வாரியத்தின் இணையதளத்தில் அவள் அறிக்கை ஏறினால் அதே கூட்டம்தான் முதலில் ஓடிவந்து படிக்கும். எந்தக் கதவை உதைத்தால் திறக்கும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேறு ஆள் இல்லை. இலையைப் போட்டவளைத் திட்டிக்கொண்டே பந்தியில் உட்காருகிற ஜாதி.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் அவள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தான். கணவரின் தம்பி.

கணவர் லிப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. தம்பிக்கும் சேர்த்து மிச்சம் பிடிக்கிறார் என்று தோன்றும். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர், பிறகு அது முந்திரி என்று சுருங்கியது. எதையும் நடப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு. அதையே தொழிலாக்கிக்கொண்டான். மாடி அறையில் விளக்கும் காமிராவும் வைத்து, எந்த கேம் எப்போது வரும், எதற்கு அடுத்த பாகம் தயாராகிறது என்று தினம் ஒரு வீடியோ போடுவான். பத்து சொன்னால் இரண்டு பலிக்கும். பலித்த இரண்டையும் தலைப்பில் வைப்பான், பொய்த்த எட்டையும் அழித்துவிடுவான்.

அண்ணிக்கும் அவனுக்கும் ‘கறுப்பு அணை’ வந்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை முறுக்கல். அது ஒரு கேம். அணைக்கட்டு ஊர் ஒன்றில் தண்ணீரை மறித்து வைத்திருக்கும் ஆட்சியை மக்கள் கவிழ்க்கிற கதை. அதை ஆடி முடிக்க நிமிஷக்காரிக்கு அறுபத்தொரு மணி நேரம் பிடித்தது. வாரியம் பதினான்கு இடங்களில் வெட்டியது. மந்திரியைக் கூட்டம் காரிலிருந்து காலைப் பிடித்து இழுக்கிற காட்சி அதில் ஒன்று. வெட்டச் சொன்னவர்கள் சோபாக்காரர்கள், திட்டு வாங்கியது நாற்காலிக்காரி. கேமைத் தயாரித்த கம்பெனி அதன் பிறகு நாலு வருஷம் வாயே திறக்கவில்லை. ரசிகர்கள் இரண்டாம் பாகம், இரண்டாம் பாகம் என்று ஏங்கிக் கிடந்தார்கள்.

அந்த ஏக்கத்தில்தான் முந்திரி தீக்குச்சியைக் கிழித்துப் போட்டான். ஒரு திங்கட்கிழமை காலை வீடியோவில், கறுப்பு அணை இரண்டாம் பாகம் தணிக்கை வாரியத்துக்கு வந்துவிட்டது, இப்போது மூன்றாவது மாடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றான். தகவல் யார் கொடுத்தது என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டே ஒரு பதில்: “வெளியில தேட வேண்டாம். சொந்தத்துலயே ஆள் இருக்கு.”

அவ்வளவு போதும். மூன்று நாளில் அவன் அண்ணி யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வாரியத்தின் வாசலில் இருபது முப்பது பேர் அட்டைகளோடு நின்றார்கள். அவள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தால், கத்தரி வருது வழி விடு என்று விலகுவார்கள், விலகின வேகத்தில் பின்னால் வருவார்கள். வீட்டுக் கதவில் யாரோ சிவப்புப் பெயின்டில் கத்தரிக்கோல் வரைந்துவிட்டுப் போனார்கள். கணவர் தின்னரும் துணியும் எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தார். அழியவில்லை, ரோஸ் நிறத்துக்கு மாறி இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

உள்ளதைச் சொன்னால், மூன்றாவது மாடியில் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது மீன் பிடிக்கிற கேம். கறுப்பு அணை இரண்டாம் பாகம் என்று ஒரு விண்ணப்பமோ ஒரு டிஸ்க்கோ வாரியத்தின் படி ஏறவில்லை.

இதை அவள் வெளியே சொல்ல முடியாது. வாரியத்துக்கு என்ன வந்தது என்று பணியாளர் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எப்போதும் போல வாயை மூடிக்கொண்டு மீன் பிடித்தாள். புரளிக்கு ஆயுசு ஒரு வாரம், தானாகச் செத்துப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கைக் கெடுத்தவர் துறை மந்திரி. ஒரு பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் நிருபர்கள் வளைத்துக்கொண்டு, கறுப்பு அணை இரண்டாம் பாகத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர் அவர். வந்தது, பார்த்தோம், குழந்தைகளைக் கெடுக்கும் குப்பை, தடை செய்துவிட்டோம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். காரை யாரும் மறிக்கவில்லை.

தடை என்று ஒன்று அறிவித்தால் பத்து நாளுக்குள் அதன் காரணங்களை இணையதளத்தில் போட்டாக வேண்டும். அதுவும் விதி.

மறுநாள் செயலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சினிமாத் தணிக்கையிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை, படம் ஆடினால் தலை வலிக்குமாம். மேஜையில் ஆய்வு அறிக்கைப் படிவம் ஒன்று, தலைப்பு மட்டும் நிரப்பிக் கிடந்தது. கறுப்பு அணை 2. ஆய்வாளர் என்ற கட்டத்தில் அவள் பெயர்.

“ஒரு நாலு சீன் எழுதிக் குடுங்கம்மா,” என்றார். “நீங்க எழுதினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

“பாக்காத கேமுக்கா சார்?”

“பார்ட் ஒண்ணு பாத்தீங்கல்ல? அதே மாதிரி கொஞ்சம் கூட்டி எழுதுங்க. புதுசா என்ன பண்ணிடப் போறான்.”

அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதில் அவள் எழுதினால் கேம் வந்தது என்று ஆகிவிடும். கேம் வந்தது என்றால் அது வந்த செய்தியை வெளியே விட்டது யார்? வீட்டு மாடியில் உளறுவாயன் ஒருவனை வைத்திருப்பவள்தானே. தன் கழுத்துக்குக் கயிறைத் தானே முறுக்கிக் கொடுக்கச் சொல்கிறார். எழுதாவிட்டால் மந்திரி பொய்யர் ஆவார், அதற்கும் கயிறு உண்டு. இதை அவள் அவரிடம் சொன்னாள், இவ்வளவு நேராக இல்லை, கொஞ்சம் சார் போட்டு. லீக் விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் செயலாளர் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது அவர் மேஜையில் அடுத்ததாக இருந்த மஞ்சள் கோப்பிலேயே தெரிந்தது. அதன் மேலும் அவள் பெயர்தான். படிவத்தைத் தொடாமல் வந்துவிட்டாள்.

வழி ஒன்று இருந்தது. புரளியைப் பெற்றவன் அது பொய் என்று தன் வாயால் சொல்லிவிட்டால், தவறான தகவலை நம்பிப் பேசிவிட்டேன் என்று மந்திரி நழுவிக்கொள்ளலாம். நழுவுவது அவருக்குக் கைவந்த கலை. படிவத்துக்கு வேலை இருக்காது. சாயங்காலம் மாடி ஏறினாள்.

முந்திரி காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. அவள் வந்த விஷயத்தைச் சொல்லச் சொல்ல, களை சந்தேகமாக மாறியது.

“நான் சும்மா அடிச்சு விட்டதுதான் அண்ணி, ஒத்துக்கறேன்,” என்றான். “ஆனா மந்திரியே பாத்தேன்னுட்டாரே. அப்ப நிஜமாவே வந்திருக்கு. உங்களுக்கே தெரியாம உங்க ஆபீஸ்ல ஓட்டிட்டாங்க.”

“என்னை விட்டா அங்க ஓட்டறதுக்கு ஆள் இல்லடா.”

“அது நீங்க நெனச்சுக்கறது.”

அவள் வேலை போகும் என்று சொன்னாள். பதினாலு இடத்தில் வெட்டினபோது அது இனித்ததா என்று அவன் திருப்பிக் கேட்டான். கணவர் கீழே இருந்தபடி, ரெண்டு பேரும் கத்தினால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும், அவர்களாவது காசில்லாமல் கேட்கட்டும் என்றார். மனிதர் ஒரு மாதத்தில் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம்.

முந்திரி விளக்கைப் போட்டான். நேரலை தொடங்க ஒரு நிமிஷம் இருந்தது. அவளைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அவள் போகவில்லை. சிவப்புப் புள்ளி எரிந்ததும், சட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சாவகாசத்தோடு அவன் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் யார், எத்தனை வருஷமாக என்ன வேலை பார்க்கிறாள் என்று இரண்டு வரியில் சொன்னாள். பிறகு முக்கியமானதைச் சொன்னாள்.

“கறுப்பு அணை ரெண்டாம் பாகம்னு எதுவும் எங்ககிட்ட வரல. நான் ஆடல. யாரும் ஆடல. இவன் சொன்னது பொய்.”

பதினெட்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமெண்டுகள் எறும்புப் புற்றை மிதித்த மாதிரி மேலே ஏறின. மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றான் ஒருவன். கண்ணைப் பாருங்கள், எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றான் இன்னொருவன். கேம் இல்லையென்றால் எதற்கு இவ்வளவு பதறுகிறாள் என்று ஒருத்தி நியாயம் கேட்டாள். கத்தரியின் நாக்கும் கத்தரிதான் என்று ஒரு கவிஞர் வேறு. அரை மணி நேரத்தில் இரண்டாம் பாகம் வந்தது என்று நம்புகிறவர்கள் இரு மடங்கானார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைப் பலர் அறிய வாய்விட்டுச் சொன்னாள், சொன்ன வேகத்தில் அது பொய்க்கு எருவாகிவிட்டது. முந்திரி அன்றைக்கு அண்ணியைத் தடுக்கவில்லை. அவ்வளவு கூட்டம் அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு சஸ்பெண்ட் உத்தரவு கைக்கு வந்தது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, வாரியத்துக்கு ஒரு கேம் வந்திருக்கிறது என்ற ரகசியத்தை வெளியாருக்குச் சொன்னது. இரண்டு, அந்தக் கேம் வாரியத்துக்கு வரவில்லை என்று வெளியாருக்குச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ‘மேலும்’ என்று ஒரு சொல் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் அதை மூன்று தடவை படித்தாள். அதைக் கொண்டுவந்த ஆபீஸ் பியூன் அம்மா கையெழுத்துக்காகக் காத்திருந்தாள், படித்து முடிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பத்தாவது நாள் தடைக்கான காரணங்கள் இணையதளத்தில் ஏறின. எழுதியவர் செயலாளர். ஆய்வாளர் கட்டத்தில் நிமிஷக்காரியின் பெயர் அப்படியே இருந்தது. அடியில் மூன்று உறுப்பினர்களின் கையெழுத்து. அவள் பெயர் இருந்தால் படிக்காமலே கையெழுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காரணம் அவளேதான். பதினோரு வருஷம் தப்பே செய்யாமல் இருந்து பழக்கிவிட்டிருந்தாள்.

அறிக்கையில் நாலு காட்சிகள். ‘நாற்பத்தேழாவது நிமிஷத்தில் இடைவேளைக்குச் சற்று முன்பாகக் கதாநாயகன் காவல் நிலையத்துக்குத் தீ வைக்கிறார்’ என்பது அவற்றில் ஒன்று. மொத்த நீளம் என்ற இடத்தில் இரண்டு மணி பத்து நிமிஷம். பாவம் மனிதர், சினிமாவைத் தவிர வேறு எதற்கும் கத்தரி போட்டுப் பழகியதில்லை.

அவள் சமையலறை மேஜையில் கணவரின் போனில் அதைப் படித்தாள். சஸ்பெண்ட் உத்தரவு கூட அவளை இப்படி உறுத்தவில்லை. இடைவேளை என்ற சொல்லுக்கு மேலே தன் பெயர். நாட்டில் எந்தக் கேமுக்கு இடைவேளை விட்டார்கள்? எந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நாற்பத்தேழாவது நிமிஷம்? வேலைக்காக வாதாட அவளுக்கு அவ்வளவு தெம்பு இருந்ததா என்பது சந்தேகம். இதற்கு இருந்தது. தன் பெயரை அந்தத் தாளிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் மனு எழுதி, விசாரணைக்கு நாள் கேட்டாள்.

அதற்குள் ஆடுகிற கூட்டம் அறிக்கையைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு ஓய ஒரு நாள் ஆனது. பிறகு யாரோ அவளுடைய பழைய அறிக்கைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அந்தச் சனியன் பிடித்தவள் நம்மை வெட்டினாள், ஆனால் கதவு எங்கே என்று சரியாகச் சொல்லிவிட்டு வெட்டினாள், இது அவள் எழுத்து இல்லை என்று ஒருவன் போட்டான். அதற்கு நாலாயிரம் பேர் ஆமாம் போட்டார்கள். அத்தனை பேரும் அவளை ஒருமையில்தான் பேசினார்கள்.

விசாரணை இரண்டாவது மாடியில் நடந்தது. நீதிபதி தலைமை. வலப்பக்கம் தலைமையாசிரியை, இடப்பக்கம் வக்கீல். தடையில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் அவர்களே. செயலாளர் ஓரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார். முதல் குற்றச்சாட்டை அவர் வாசித்தார். அந்தக் கேமை ஆடியவர் என்ற முறையில் ரகசியம் காக்கத் தவறினார் என்று முடித்தார்.

நிமிஷக்காரி எழுந்து நின்றாள். ஒரே ஒரு சந்தேகம் கேட்க அனுமதி கேட்டாள். நீதிபதி தலையசைத்தார்.

“நான் ஆடினப்போ நீங்க எந்த சோபாவுல உக்காந்து பாத்தீங்க சார்?”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதே கேள்வியை அவள் தலைமையாசிரியையிடமும் கேட்டாள். அந்த அம்மாள் செயலாளரைப் பார்த்தாள். முப்பது வருஷம் காப்பியடித்த பிள்ளைகளைப் பார்த்த பார்வை. வக்கீல் தனக்கு அன்று ஜலதோஷம் என்று நினைவு என்றார். எந்த அன்று என்று யாரும் கேட்கவில்லை.

“இருக்கட்டும்,” என்றாள். “மேல ரூம் காலியாத்தான் இருக்கு. கேமைக் கொண்டு வாங்க, இப்பவே போட்டுப் பாத்துடலாம். நாப்பத்தேழாவது நிமிஷம் ஸ்டேஷன் எரிஞ்சா ரெண்டு குத்தத்தையும் நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

செயலாளர் கோப்பைத் திறந்தார், மூடினார். டிஸ்க் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது என்றார். எந்தத் தேதியில், எந்தப் பதிவு எண்ணில் என்று அவள் கேட்டாள். வந்த பதிவு இல்லாமல் போன பதிவு எப்படி வந்தது என்றும் கேட்டாள். குரல் ஏறவில்லை. மணி, நிமிஷம் வாசிக்கிற அதே குரல். நீதிபதி கூட்டத்தை ஒத்திவைத்தார்.

நாலாம் நாள் உத்தரவு வந்தது. முதல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இரண்டாவது நிரூபணம் ஆயிற்று, ஏனென்றால் வரவில்லை என்று அவள் சொன்னதைப் பதினெட்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். தண்டனை, தரைத்தளத்துப் பதிவறைக்கு மாற்றம். கேம் ஆடும் வேலை இனி அவளுக்குக் கிடையாது. அறிக்கையிலிருந்து அவள் பெயர் நீக்கப்படும். தடை தொடரும். இல்லாத கேம்மீது தடை தொடர்ந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, கம்பெனிக்கு மட்டும் காசில்லாத விளம்பரம்.

முந்திரி மாடிப்படியில் வழிமறித்து, அண்ணி ஜெயிச்சுட்டீங்க, ஒரு பேட்டி போடலாம் என்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். கணவர் அன்றைக்கே மாடி அறையின் மின் இணைப்பைத் தனி மீட்டருக்கு மாற்றினார். தம்பிக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. அந்த மாதக் கடைசியில் காமிராவைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனான்.

பதிவறையில் முதல் நாள் அவள் செய்த வேலை, கறுப்பு அணை 2 கோப்பைத் தேடி எடுத்தது. ஆய்வாளர் கட்டத்தைப் பார்த்தாள். பெயரின் மேல் வெள்ளை மை தடவியிருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே எழுத்து தெரிந்தது. அவள் கோப்போடு லிப்டில் ஏறிச் செயலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. தாளை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“வெள்ளை அடிச்சு மறைக்காதீங்க சார். சுரண்டிட்டு, என் பேர் மேல கோடு போட்டு அடிங்க. பக்கத்துல உங்க இனிஷியல், தேதி. யார் எழுதினா, யார் அடிச்சாங்கன்னு பின்னால பாக்கறவங்களுக்குத் தெரியணும்.”

வெளியே வாசலில் இன்னும் நாலைந்து பேர் அட்டையோடு நின்றிருந்தார்கள், அவர்கள் சத்தம் ஜன்னல் வழியே வந்தது. செயலாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. அவர் நகத்தால் வெள்ளையைச் சுரண்டினார், பொடி மேஜையில் உதிர்ந்தது. பிறகு சட்டைப்பையைத் தடவினார், இழுப்பறையைத் திறந்தார், கோப்புகளுக்கு அடியில் தேடினார். அவள் கையில் பேனா இருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை.